உச்சித் தோட்டத்தில் மண் வளர்கிறது

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை, வீட்டின் நிரந்தரத் தொல்லை, எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், இன்ஸ்பெக்டரைத் தவிர. பதறாதே, நம் கிடாவைச் சொல்கிறேன். யார் வேலிக்குள்ளும் புகுந்து சோதனை போட்டு, எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும் என்று நீ வைத்த பெயர் இன்னும் அப்படியே நிலைத்திருக்கிறது. நேற்று அது ஒரு தொப்பியின் நாடாவைத் தின்றுவிட்டு வயிற்றுப்போக்கில் கிடக்கிறது. அந்தத் தொப்பிக்குக் கீழே ஓர் அரசாங்க அதிகாரி இருந்தார். கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாதா? ஸ்பீக்கரில் போட்டு நடு அறையில் வைத்துவிட்டுச் சுற்றி நிற்போம். அம்மா நீ சாப்பிட்டாயா என்று கேட்பாள், நீ சாப்பிட்டேன் என்பாய், அம்மா நம்ப மாட்டாள். அப்பா எதுவும் கேட்க மாட்டார். நீ கூப்பிடும் நாளில் மட்டும் செருப்பைக் கழற்றாமல், இப்போதுதான் எங்கோ கிளம்புகிறவர் மாதிரி வாசலில் நிற்பார். நீ போனை வைத்த பிறகு கழற்றிவிட்டு உள்ளே வருவார். இப்படி ஒரு சபையில் என்ன ரகசியம் பேச முடியும்? அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம்மைப் போல மலைச்சரிவில் சின்னச் சின்ன நிலம் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. கீழ் அடுக்குகளில் சரிந்து கிடக்கும் கல்கட்டுகளை எடுத்துக் கட்ட உதவி செய்வார்கள். ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தருவார்கள். பதிலுக்கு, செங்குத்தாக இருக்கும் மேல் நிலத்தை உழாமல் விட்டுவிட வேண்டும். அங்கே அவர்களே மரம் நட்டு, புல் வளர்த்து, வேலி போடுவார்கள். அதற்கென்று வருடா வருடம் ஒரு தொகையும் வரும். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வரை, அதாவது நான் பல் போன கிழவியாகும் வரை, அங்கே ஏர் கூடாது, மண்வெட்டி கூடாது, முக்கியமாக இன்ஸ்பெக்டர் கூடாது.

நம் உச்சித் தோட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இல்லை? அம்மா அப்படித்தான் சொன்னாள். அப்பா "பாக்கலாம்" என்றார். அப்பாவின் "பாக்கலாம்" எவ்வளவு தூரம் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அம்மா விடவில்லை.

எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதுதான் இதில் வேடிக்கை. எந்த நிலத்தில் மண் அதிகம் அடித்துப் போகிறதோ அதற்குத்தான் முதலிடம். அதனால் மலை முழுக்க இப்போது ஒரே போட்டி, யார் நிலம் படு மோசம் என்று. பக்கத்துச் சரிவு ரேடியோ பெரியப்பா (அணைக்கும் பட்டன் இல்லாமலே பிறந்தவர், மறந்திருக்க மாட்டாய்) வீடு வீடாகப் போய், "என்னுது நிலமா அது? சல்லடை! விதையப் போட்டா கீழ் ஊர்ல முளைக்குது!" என்று பெருமையடிக்கிறார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதே மனுஷர்தான் "பொன்னு விளையிற பூமி" என்று சொன்னார். சம்பந்தி காதில் விழுந்தால் பெண்ணையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அளக்க வந்த அதிகாரிக்கு நான் சரிவு சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வாயில் வருவது மொத்தம் இரண்டே வார்த்தை: சரி, சரிவு. "சரிவு ஜாஸ்தி, சரி. சரிவு திரும்புது, சரி." ஒல்லியான ஆள், புது பூட்ஸ். நம் படிகளில் ஏறும்போது இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். இரும்பு முளைகளைத் தோட்டம் முழுக்க அடித்து, மண்மட்டத்துக்குச் சிவப்பு நுனி மட்டும் தெரியும்படி விட்டுப் போயிருக்கிறார். மழை முடிந்து வந்து பார்ப்பாராம். முளை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு மண் போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் குனிந்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் தொப்பி நாடாவுக்கு அந்தக் கதி.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா என்ன செய்தார் தெரியுமா? முந்தின நாள் முழுக்க உச்சித் தோட்டத்தில் களை பறித்து, மழைநீர் அரித்து ஓடிய தாரைகளை எல்லாம் மூடி, கல்கட்டில் பெயர்ந்த கற்களைப் பொருத்தி, விளக்குமாறு போட்டுக் கூட்டாத குறையாகச் சுத்தம் செய்து வைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நோயாளிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப பவுடர் பூசியா கூட்டிட்டுப் போவாங்க?" என்றாள். அப்பா, "வர்றவங்க பாக்க அசிங்கமா இருக்கும்ல" என்று மட்டும் சொன்னார்.

என் பங்குக்கு நானும் ஒரு நாட்டுப்பணி செய்திருக்கிறேன். கொட்டகையில் கிடந்த பழைய இரும்புக் கம்பியை எடுத்து, கேட்டுக்கு அடித்த மிச்சப் பெயிண்டில் நுனியைச் சிவப்பாக்கி, அச்சு அசலாக ஒரு முளை தயார் செய்தேன். அதைக் கிழக்கு ஓரத்து முட்புதருக்கு அடியில், நுனி மட்டும் தெரியும்படி அடித்துவிட்டேன். மண்ணுக்குள் போகிற பாகத்தில் தாரால் ஒரு முகமும் பெரிய மீசையும் வரைந்திருக்கிறேன். சரிவு சார் திரும்பி வந்து எண்ணும்போது ஒன்று கூடுதலாக வரும். மறுபடியும் எண்ணுவார். மறுபடியும் ஒன்று கூடும். படித்த ஒருவர் தன் விரல்களையே சந்தேகப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. மூளை இருக்கிறவர் முளை அடித்தால், முளை இருக்கிறவள் சும்மா இருப்பாளா?

அடிக்கும்போது உன் நீலக் கோலி ஞாபகம் வந்தது. முதல் மழைக்கு முன்னால் நீ அதை உச்சித் தோட்டத்தின் தலைமாட்டில் புதைத்து வைப்பாய். மழைக்காலம் முடிந்ததும் சரிவின் கீழே அடிக்கட்டுக் கல்சுவரோரம் குவிந்திருக்கும் மண்ணில் அதை நாம் தேடுவோம். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று ஒரே அடிதடி. ஒரு வருடம் அது பாதி வழியில் கிழங்குச் செடி ஒன்றின் வேரில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "பாரு, கோலிக்கே கீழ வர மனசில்ல" என்றாய். நீ போன பிறகு நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. என் கண்ணில் படாமல் எங்கோ போய்விட்டது, உன்னை மாதிரி.

சரி, சரிவு, சரி. மேகம் கூடிக்கொண்டு வருகிறது. இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்து நிற்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிட்டேன் என்று சொல்வதோடு சாப்பிடவும் செய்.

உன் செல்ல
வாலு


அன்புள்ள லிஃப்ட் அண்ணாவுக்கு,

உன்னை நம்பி ரகசியம் எழுதினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். போனை எடுத்ததும் ஸ்பீக்கரில், "வாலு, லெட்டர் வந்துச்சு!" என்கிறாய். அப்பா வாசலிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி, யாருக்காவது நிஜமாகவே அனுப்ப வேண்டும் என்று டீச்சர் சொன்னார் என்று அடித்துவிட்டேன். "நல்ல டீச்சர்" என்றாள் அம்மா. இல்லாத டீச்சருக்கு இப்போது நம் வீட்டில் நல்ல பெயர்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நம் வீட்டுக் கூரை ஒழுகும் இடங்களில் எல்லாம் பாத்திரம் வைத்தோம். பெரிய அண்டா உன் கட்டில் மேல். உன் இடத்தை நிரப்ப ஓர் அண்டா தேவைப்படுகிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்.

மழைச் சத்தத்தில் படுத்துக்கொண்டு மண் ஏற்றிய நாட்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அங்கே மழை பெய்தால் என்ன ஞாபகம் வரும்? எனக்கு முதுகுக் கூடையின் வாசனைதான் வரும், ஈர மண்ணும் பழைய கயிறும் கலந்தது. மழை உச்சித் தோட்டத்து மண்ணை எல்லாம் அடிக்கட்டில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். வெயில் வந்ததும் நாம் அதைத் திரும்ப மேலே கொண்டுபோவோம். அம்மா கீழே நின்று கூடைகளை நிரப்புவாள். அப்பா முதலில் ஏறுவார், அடுத்தது நீ, கடைசியில் நான் என் குட்டிக் கூடையோடு. உன்னைவிட நான் மெதுவாக நடப்பதற்குக் காரணம் என் சின்னக் கால்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கூடைக்கு அடியில் நீ போட்ட கல்தான் காரணம் என்று ஒருநாள் உச்சியில் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. உன்னைத் துரத்திக்கொண்டு அடிக்கட்டு வரை ஓடிவந்தேன். அப்பா அன்றைக்குச் சிரித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"மழை மண்ண கீழ இறக்குது, நாம மேல ஏத்துறோம், நாமதான் இந்த மண்ணுக்கு லிஃப்ட்" என்பாய் நீ. அப்போது லிஃப்டைப் படத்தில்கூடப் பார்த்திராத எனக்கு அதையும் நீயே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பார், சொன்ன வாய்க்கே வேலை கிடைத்துவிட்டது. பெரிய பெரிய கட்டடங்களில் நீ ரிப்பேர் பார்க்கும் லிஃப்டுகள் பட்டனைத் தொட்டால் மேலே போகின்றன. நம் மண்ணுக்குத்தான் பட்டன் கிடையாது.

இனி செய்திக்கு வருகிறேன். சரிவு சார் வந்தார். தொப்பியில் புது நாடா, இன்ஸ்பெக்டரிடமிருந்து பத்தடி தூரம். முதலில் ரேடியோ பெரியப்பா நிலத்துக்குப் போனார். அங்கே முளைகள் எல்லாம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றனவாம். பெரியப்பாவுக்குத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய சந்தோஷம். பிறகு நம் தோட்டத்துக்கு வந்து, முதல் முளையைப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அடுத்த முளைக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்கு. ஒரு முளைகூட வெளியே தெரியவில்லை. அது மட்டுமில்லை, சிலவற்றைக் கையால் மண்ணைத் தள்ளித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"ஐயா," என்றார் அப்பாவிடம், ரொம்ப மரியாதையாக. "உங்க நிலத்துல மண்ணு போகல. வளருது."

அப்பா, "நம்ம நிலம் அப்படி" என்றார். முகத்தில் ஓர் அசைவு வேண்டுமே!

சார் தன் சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். இப்படியே அறிக்கை எழுதினால் நம் நிலம் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும். மலையிலேயே பத்திரமான நிலம் இதுதான் என்று ஆகிவிடும். இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு எழுதுகிறேன் என்று போய்விட்டார். குழப்பத்தில் முளைகளை எண்ணவே மறந்துவிட்டார். என் வாழ்நாள் ஆசை தள்ளிப்போனது.

மாலையில் ரேடியோ பெரியப்பா ஒலிபரப்பத் தொடங்கிவிட்டார். "உங்க வீட்டுல மண்ணு குட்டி போடுதாமே, எனக்கும் ரெண்டு கூடை குடுங்க!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். அம்மா பாத்திரத்தை டமால் என்று வைத்தாள். கீழே கல்கட்டு இரண்டு இடத்தில் சரிந்து கிடக்கிறது, உதவி வந்தால் கட்டிவிடலாம் என்று நம்பியிருந்தாள் பாவம். அதைவிட, உச்சித் தோட்டத்தை மரத்துக்கு விட்டுவிட்டால் அப்பாவின் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. அவர் இப்போது படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறார், உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வருடம் மண் ஏற்றும்போது பாதிப் படியில் விழுந்தார். அதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

சார் போனதும் நான் கிழக்கு ஓரத்துக்குப் போய், முட்புதருக்கு அடியில் என் ஆளைப் பார்த்தேன். நெற்றி வரை புதைத்துவிட்டு வந்திருந்தேன் இல்லையா? இப்போது முழு முகமும், மீசையும், கழுத்தும் வெளியே வந்து, இடுப்பு வரை நின்றுகொண்டு என்னை முறைக்கிறார். அவரைச் சுற்றி மண்ணே இல்லை. வெறும் சரளைக்கல். அங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்க மழைநீர் தாரை தாரையாக அரித்து ஓடியிருக்கிறது. சார் அடித்த முளைகளைச் சுற்றி மட்டும் வட்ட வட்டமாகப் புது மண்.

நம் நிலத்தில் மண் வளரவில்லை அண்ணா. யாரோ வளர்க்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடித்துவிட்டு எழுதுகிறேன். இந்தத் தடவை போனில் உளறாதே.

உன் துப்பறியும்
வாலு


அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஜோக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. விடியற்காலை மூடுபனியில் ஆட்டுக்குத் தழை பறிக்கிற சாக்கில் மேலே போனேன். அப்பா எனக்கு முன்பே அங்கே இருந்தார். முதுகில் கூடை. அவருடையது இல்லை, உன்னுடையது. வருடா வருடம் அதன் கயிற்றை மாற்றி, கொட்டகையில் மாட்டி வைக்கிறாரே, அதேதான். கூடையை இறக்கி, முளை பக்கத்தில் மண்டியிட்டு, மண்ணைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். பிறகு புது மண் என்று தெரியாமல் இருக்க மேலே காய்ந்த இலையை அள்ளித் தூவினார். தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துச் சரிபார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. என் சேட்டை எல்லாம் எந்த வழியாக வந்தது என்று இத்தனை நாள் அம்மாவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

பிறகு அவர் காலிக் கூடையோடு இறங்கத் தொடங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்க முயன்றார், மறுபடியும் உட்கார்ந்தார். பெருமை எல்லாம் போய்விட்டது. நான் தழைக்கட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் அதிர்ச்சியடையவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கூடைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "மரம் வச்சுட்டா, அவன் வந்து எதை உழுவான்?" என்றார். "போறப்ப சொல்லிட்டுத்தானே போனான்."

நீ சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "உச்சித் தோட்டத்த யார்கிட்டயும் குடுத்துடாதீங்கப்பா, வந்து நான் பாத்துக்கறேன்" என்றாய். அப்பா உன் பையையே பிடித்துக்கொண்டு நின்றார், டிரைவர் ஹாரன் அடித்தார், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படி எதையாவது சொல்லித்தான் பையை வாங்கியிருப்பார்கள். உன்மேல் தப்பில்லை. ஆனால் அப்பா அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். முளை அடிக்க அரசாங்கமே வந்தாலும் விடாமல் மூடி மூடிக் காப்பாற்றுகிறார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னொன்றும் தெரியும், அண்ணா. அப்பா சந்தைக்குப் போயிருந்த அன்று நீ கூப்பிட்டு அம்மாவிடம் சொன்னது. "இங்கேயே ஒரு வீடு பாத்திருக்கேம்மா. வேலையும் நிரந்தரம் பண்ணிட்டாங்க. அப்பாகிட்ட நேரம் பாத்து நீயே சொல்லிடு." போன் ஸ்பீக்கரில்தானே இருந்தது. அம்மாவுக்கு இன்றுவரை அந்த நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்குப் படியில் எனக்குக் கிடைத்தது. எதிலும் மூக்கை நுழைக்கும் நான், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான், அதைச் சொல்லவில்லை. தழைக்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கூடையை நான் மாட்டிக்கொண்டு இறங்கினேன். காலிக் கூடைதான். இருந்தாலும் உள்ளே நீ ஒரு கல் போட்டிருப்பாயோ என்று தோன்றியது.

நேற்று சரிவு சார் வந்தார். இந்தத் தடவை எண்ணினார். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடியும் எண்ணினார். அந்தக் காட்சிக்காக எத்தனை நாள் காத்திருந்தேன், ஆனால் நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓரமாக நடந்து வந்து புதரை விலக்கினார். என் மீசைக்காரரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் சரளைக்கல்லைப் பார்த்தார், வட்ட வட்டமான புது மண்ணைப் பார்த்தார், கடைசியாக அப்பாவின் சட்டைத் தோளில் கயிறு அழுத்திய தடத்தைப் பார்த்தார்.

"ஐயா," என்றார். "இந்த மீச வச்ச முளை என்னோடது இல்ல. ஆனா இதுதான் சரியா காட்டுது." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சார் குரலைத் தாழ்த்தி, "திட்டம் வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்யா. தப்பே இல்ல. அதுக்கு இவ்ளோ மண்ணத் தூக்கணுமா? இன்னொரு மழை இருக்கு. அது முடிஞ்சு வரேன். அதுக்குள்ள வீட்டுல பேசி வைங்க" என்றார். போகும்போது என்னிடம் மட்டும், "மீச நல்லா இருக்கு" என்றார்.

அம்மா கீழ்ப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அவள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அப்பாவை உட்காரவைத்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, நீ வீடு பார்த்திருப்பதைச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் நேரம் கிடைத்தது போலிருக்கிறது. அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "எத்தன ரூம்?" என்று மட்டும் கேட்டார். ரெண்டு என்றாள் அம்மா. "தண்ணி வசதி இருக்கா?" என்றார். அதோடு சரி.

இன்று காலை நான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பா வந்து நின்றார். "டீச்சருக்கா?" என்றார். இல்லை, உனக்கு என்று உண்மையைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். உருண்டுபோய் மை பாட்டிலில் முட்டி நின்றது. உன் நீலக் கோலி.

நான் தேடித் தேடிக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், எனக்கு முன்னால் அவர் தேடி எடுத்திருக்கிறார். நீ போனதிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடிக்கட்டில் அதைக் கண்டெடுத்து, திரும்பக் கொண்டுபோய்த் தலைமாட்டில் புதைத்து வைத்திருக்கிறார். அதன் மேல் முழுக்கச் சிராய்ப்பு. நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

"அவனுக்கே அனுப்பிடு" என்றார். "மேல வைக்கணும்னு தோணுச்சுன்னா அவனே கொண்டுவந்து வைக்கட்டும். இல்லன்னா அங்கேயே வச்சுக்கட்டும். ரெண்டும் சரிதான்னு எழுது." வாசல் வரை போய்த் திரும்பி, "கவர் கிழிஞ்சிடும், துணியில சுத்தி வை" என்றார்.

சுற்றி வைத்திருக்கிறேன். உன் பழைய பள்ளிச் சட்டையின் பாக்கெட்டைக் கிழித்துத்தான் சுற்றினேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொரு மழைக்கு முன் நீ பதில் சொல்ல வேண்டும், அண்ணா. வருகிறாய் என்றால் சொல், மண்ணை நான் ஏற்றுகிறேன், அப்பாவைப் படியில் கால் வைக்க விட மாட்டேன். வரவில்லை என்றால் அதையும் சொல். மரம் வைக்கும்போது முதல் குழியை நான் தோண்டுகிறேன். எந்த இடத்தில் எந்த மரம் என்று நாமே சொல்லலாமாம், சார் சொன்னார். உன் கோலி இருந்த இடத்தில் நல்லதாக ஒன்று பார்த்து வைக்கலாம். அம்மாவிடம் சொல்லாதே, எனக்கும் எழுதாதே. அடுத்த தடவை கூப்பிடும்போது "அப்பாகிட்ட குடு" என்று சொல். நான் ஸ்பீக்கரை அணைத்து, போனை அவர் காதில் வைத்துவிட்டு, அம்மாவையும் இன்ஸ்பெக்டரையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். ஒட்டுக்கேட்க மாட்டேன். இந்த ஒன்றை நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

புது வீட்டில் நீ நன்றாக இருக்க வேண்டும். கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். உன் லிஃப்டுகளில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக மேலே போய்ப் பத்திரமாகக் கீழே வர வேண்டும், நீயும்தான்.

உன்
வாலு

பின்குறிப்பு: இன்று நீ கூப்பிடும் நாள் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார்.